வயிற்றுக்குள் வைரசா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற மாதம் அன்டிபயோட்டிக் மருந்துகளைப் பற்றி எழுதும்போது, "நம் குடலிலுள்ள பக்டீரியாக்களைத் தாக்கும் வைரசுகளும் அங்கேயே கோடிக்கணக்கில் வாழ்கின்றன" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு 14 கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் பயந்து எழுதியிருக்கிறார்கள், சிலர் ஆசையோடு எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் 33 வருடம் மலம், சிறுநீர், சளி என்று பிளேட்டில் பூசி வளர்த்துப் பார்த்தவள் நான். இந்தக் கேள்விகளைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த மாதம் முழுவதும் இதுதான்.

கேள்வி: அக்கா, வயிற்றுக்குள் வைரசு இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொரோனாக் காலத்தில் பட்டது போதாதா? இதற்கு ஏதாவது மருந்து எடுக்க வேண்டுமா?
– இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை

பதில்: மருந்து ஒன்றும் வேண்டாம் தங்கச்சி. முதலில் வயிறாறச் சாப்பிடுங்கள்.

வைரசு என்றதும் நமக்குக் காய்ச்சலும் முகக்கவசமும்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் எல்லா வைரசும் எல்லா உயிரிலும் ஏறுவதில்லை. டெங்கு வைரசு நம் உடற்கலங்களுக்குள் பெருகும். வெண்டி இலையை மஞ்சளாக்கும் வைரசு வெண்டிச் செடியில் பெருகும். அந்த வெண்டிக்காயைக் கறி வைத்துச் சாப்பிட்டால் நமக்கு ஒன்றும் வராது. நான் எழுதிய வைரசுகள் பக்டீரியாவுக்குள் மட்டும்தான் பெருகக்கூடியவை. ஆய்வுகூடத்தில் சுருக்கமாக பேஜ் என்போம். தின்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பக்டீரியாவின் மேற்பரப்பில் அது பிடித்துக்கொள்ளும் இடம் நம் கலங்களில் இல்லை. ஒரு வகை பேஜ் எல்லாப் பக்டீரியாவையும்கூடத் தாக்காது. பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட இனத்தில், அதிலும் சில வகைகளில் மட்டுமே ஏறும்.

நான் முதன்முதலில் இவற்றின் வேலையைப் பார்த்தது 1986இல், பயிற்சிக் காலத்தில். எங்கள் ஆசிரியை வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நானும் என் சிநேகிதியும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சோஸ் போத்தலில் அள்ளிக்கொண்டு போனோம். பக்டீரியா தாண்ட முடியாத அளவுக்கு நுண்ணிய வடியில் அதை வடித்தோம். கீழே விழுந்தது கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். அதில் சில துளிகளை, குடலில் வாழும் ஈ. கோலை என்ற பக்டீரியாவோடு கலந்து, இளகிய அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெலி) சேர்த்து பிளேட்டில் ஊற்றி, 37 பாகைச் சூட்டில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பாலாடை போலப் பரந்து வளர்ந்திருந்த பக்டீரியாப் படலத்தில், பூச்சி அரித்த பட்டுச் சேலை மாதிரி வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையும் ஒரேயொரு பேஜில் தொடங்கியது என்றார் ஆசிரியை. ஒரு பேஜ் ஒரு பக்டீரியாவுக்குள் தன் மரபணுவைச் செலுத்துகிறது. அரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பேஜ்கள் அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அவை பக்கத்திலிருப்பவற்றில் ஏறுகின்றன. இரவு முழுக்க இது நடந்தால் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையாகிவிடுகிறது. அந்த பிளேட்டை அன்று நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு சிறியது என்றால், நாங்கள் பார்த்த வகையைச் சேர்ந்த டி4 என்ற பேஜின் நீளம், ஒரு மில்லிமீட்டரை 5,000 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. உலகம் முழுவதிலும் உள்ள பேஜ்களின் எண்ணிக்கையை 1 போட்டு அதன் பின் 31 பூச்சியம் போட்டு மதிப்பிடுகிறார்கள். உங்கள் மலத்தில், என் மலத்தில், ஒரு கிராமுக்கு நூறு கோடி அளவில் இருக்கும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் பிறந்த வாரத்திலிருந்தே இவை உங்களோடு இருந்திருக்கின்றன.

இவற்றில் பல, வந்தவுடன் பக்டீரியாவை உடைப்பதில்லை. பக்டீரியாவின் மரபணுவுக்குள் தங்கள் மரபணுவைச் செருகிவிட்டு உறங்கிக் கிடக்கின்றன. பக்டீரியா இரண்டாகும்போது அவையும் இரண்டாகும். குடலில் இந்த உறங்கும் வகை மிக அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

இன்னொன்று. குடற்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தில் பேஜ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று 2013இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஜெரமி பார் என்பவரும் அவரது குழுவினரும் காட்டினார்கள். சளிப்படலத்தைத் துளைக்க வரும் பக்டீரியா அங்கேயே அகப்படுகிறது. நம் உடம்பு சளியைத் தயாரிக்கிறது, அதில் பேஜ் வந்து காவல் நிற்கிறது. 2017இல் அதே ஆய்வாளர் சார்ந்த குழு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,100 கோடி பேஜ்கள் குடற்சுவரைக் கடந்து நம் உடம்புக்குள் போகின்றன என்று மதிப்பிட்டது. இன்று காலையிலும் அது நடந்திருக்கும். உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா? இல்லையே.

கேள்வி: அன்ரி, கங்கை நீரில் கிருமி இல்லாததற்கு பேஜ்தான் காரணம் என்று எங்கள் சேர் சொன்னார். உண்மையா? பேஜைக் கண்டுபிடித்தது யார்?
– உயர்தர மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: கங்கையில் கிருமி இல்லை என்பது தவறு தம்பி, நிறைய இருக்கிறது. ஆனால் உங்கள் சேர் சொன்னதற்குப் பின்னால் ஓர் உண்மைக் கதை உண்டு. ஆக்ராவில் வேலை செய்த ஏர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமி சில மணி நேரத்தில் செத்துப்போகிறது என்று 1896இல் எழுதினார். நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் கண்டார். அவர் பார்த்தது பேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். அவரே பேஜ் என்று ஒன்றைக் கண்டதாகச் சொல்லவில்லை.

1915இல் இலண்டனில் ஃபிரெடரிக் ட்வோர்ட், பிளேட்டில் வளர்ந்த பக்டீரியா கண்ணாடி போல உருகிப்போவதைப் பதிவு செய்தார். 1917இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஃபெலிக்ஸ் தெரெல், வயிற்றுளைவிலிருந்து தேறிவரும் நோயாளிகளின் மலத்தை வடித்துப் பார்த்து, அதே நோய்க்கிருமியை அழிக்கும் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். பக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தவர் அவர்தான். இதில் எனக்குப் பிடித்த பகுதி, அவர் தேடிய இடம். நோய் முற்றியவனிடம் தேடவில்லை, குணமாகிக்கொண்டிருப்பவனின் வயிற்றில் தேடினார். பேஜ் கதை தொடங்கியதே மனிதக் குடலில்தான்.

1919இல் பாரிஸில் பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஒன்றில், கடும் வயிற்றுளைவோடு இருந்த 12 வயதுச் சிறுவனுக்கு அதைக் குடிக்கக் கொடுத்தார்கள். முதல் நாள் தெரெலும் அங்கிருந்த மருத்துவர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அப்புறம் தெரெல் இந்தியாவுக்கும் வந்து, 1920களில் வாந்திபேதிக்கு பேஜ் கொடுத்துப் பார்த்தார். ஜோர்ஜியாவின் திபிலிசி நகரத்தில் ஜோர்ஜி எலியாவா 1923இல் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் நிலையம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது, அங்கே பேஜ் மருந்து கொடுக்கிறார்கள். மேற்கு நாடுகளில் பென்சிலின் வந்ததும் பேஜை மறந்தார்கள். ஆய்வுகூடத்தார் மட்டும் மறக்கவில்லை. நெருப்புக்காய்ச்சல் கிருமி எந்த வகை என்று பேஜ் வைத்துப் பிரிக்கும் முறை 1938இலேயே வந்துவிட்டது.

கேள்வி: எனக்கு மகன் பிறந்து 3 மாதம். கைக்குழந்தைக்கும் இந்த வைரசுகள் இருக்குமா?
– தாய், தெஹிவளை

பதில்: பிறந்தவுடன் குழந்தை கழிக்கும் கரும்பச்சை மலத்தில் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஒரு வாரத்துக்குள் நிலைமை முற்றாக மாறிவிடும். 2008இல் ஒரு குழந்தையைத் தொடர்ந்து பார்த்தபோது, முதல் மலத்தில் வைரசு எதுவும் தென்படவில்லை. ஒரு வாரத்தில் கிராமுக்குப் பத்துக் கோடி. எங்கிருந்து வந்தன? 2020இல் பென்சில்வேனியாவில் செய்த பெரிய ஆய்வு இதற்கு அழகான பதில் சொல்கிறது. குழந்தையின் குடலில் முதலில் குடியேறும் பக்டீரியாக்கள், தங்களுக்குள் உறங்கும் பேஜ்களையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. அவை விழித்து வெளியே வருகின்றன.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 4 மாதமாகும்போது, மனிதரைத் தொற்றும் வைரசுகள், தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தில் குறைவாக இருந்தன. கொஞ்சம் தாய்ப்பாலும் கூடுதலாகப் புட்டிப்பாலும் குடித்த பிள்ளைகளுக்கும் அந்தப் பயன் இருந்தது. ஆகவே மகள், பால் போதவில்லை என்று சொல்லி அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வருகிற அளவு கொடுங்கள். கொடுக்க முடியாமலே போனால் அதற்காக மனம் உடைய வேண்டியதும் இல்லை. புட்டியை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், பிள்ளை வளர்வான்.

கேள்வி: ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடும் எனக்கும் என் கணவருக்கும் ஒரே பேஜ்கள்தானா?
– அலுவலக உத்தியோகத்தர், மட்டக்குளி

பதில்: இல்லை. 2010இல் ஒத்த இரட்டையர்களையும் அவர்களுடைய தாய்மாரையும் வைத்துச் செய்த ஆய்வில், ஒரே முகமுள்ள இரட்டையருக்குக்கூட பேஜ்க் கூட்டம் வேறு வேறாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவரவருடையது பெரும்பாலும் மாறவில்லை. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் பேஜ் எல்லாம் நல்லவைதான் என்று சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: சொல்ல முடியாது ஐயா. நல்ல கேள்வி, பலர் இதைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

வாந்திபேதிக் கிருமி தண்ணீரில் சாதாரணமாக வாழும் ஒரு பக்டீரியா. ஆளை ஒரே நாளில் வற்றவைக்கும் அந்த நஞ்சைச் செய்யும் மரபணு, அதற்கு ஒரு பேஜ் கொடுத்த சீதனம். 1996இல் மத்தியூ வால்டோர், ஜோன் மெக்கலனோஸ் இருவரும் இதைக் காட்டினார்கள். தொண்டைக்கரப்பனும் (டிப்தீரியா) அப்படித்தான்; பேஜ் ஏறாத கிருமிக்கு அந்த நஞ்சு கிடையாது என்று 1951இலேயே தெரிந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்குப் போடும் முக்கூட்டுத் தடுப்பூசியில் ஒன்று அந்த நஞ்சுக்கு எதிரானது. இரத்தக் கழிச்சலையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் ஒரு வகை ஈ. கோலையின் நஞ்சும் பேஜ் கொண்டுவந்ததுதான்.

இந்தக் கடைசி வகையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சில அன்டிபயோட்டிக்குகள் பக்டீரியாவின் மரபணுவைத் தாக்கும்போது, உறங்கும் பேஜ் "வீடு இடியப்போகிறது" என்பதுபோல விழித்துக்கொள்கிறது. பெருகுகிறது, நஞ்சும் கூடவே பெருகி வெளியே கொட்டுகிறது. சிப்ரோஃப்ளொக்சசின் அப்படிப்பட்ட மருந்து. அதனால்தான் அந்தத் தொற்று என்று சந்தேகம் வந்தால் டொக்டர்மார் அன்டிபயோட்டிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்பது அடுத்த கடிதத்தில் புரியும்.

கேள்வி: என் 3 வயது மகளுக்குப் போன மாதம் வயிற்றோட்டம். பக்கத்துப் பாமசியில் சொல்லி ஒரு அன்டிபயோட்டிக் சிரப் வாங்கிக் கொடுத்தேன். நின்றது, திரும்ப வந்தது. இப்போது வெளிநாட்டிலிருக்கும் என் அண்ணா, பேஜ் மருந்து ஒன்லைனில் எடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– தாய், வெள்ளவத்தை

பதில்: இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். கோபமாகச் சொல்லவில்லை மகள். ஏனென்று சொல்கிறேன்.

1994இல் என் மகனுக்கு 2 வயது. வயிற்றோட்டம் தொடங்கி இரண்டாவது நாள், வேலைக்கு லீவு கிடைக்காத பதற்றத்தில் நானும் ஒரு பாமசியில் நின்று சிரப் வாங்கினேன். டொக்டரின் மருந்துத் துண்டு கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க கல்ச்சர் பார்க்கிற எனக்குத் தெரியாததில்லை, பிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் பாதிக்கு மேல் ரோட்டா போன்ற வைரசுகளால் வருகிறது, அன்டிபயோட்டிக் அதைத் தொடவே தொடாது என்று. தெரிந்தும் கொடுத்தேன். மூன்று, நான்கு நாளில் நிற்க வேண்டியது 11 நாள் இழுத்தது. அவன் கன்னம் வற்றிப்போனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. என் மேலதிகாரியாக இருந்த டொக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஜீவனி உப்புக்கரைசல் கொடுங்கள், சோற்றுக்கஞ்சி கொடுங்கள், அந்தச் சிரப்பை நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்டிபயோட்டிக் குடலுக்குள் போனால் நோய்க்கிருமியைத் தேடிப் பிடித்து அடிப்பதில்லை. அங்கே பழகிக் குடியிருக்கும் பக்டீரியாக்களும் சாகின்றன. அவற்றை நம்பி இருந்த பேஜ்களுக்கு இருப்பிடம் போகிறது, உறங்கியவை கலைந்து எழும்புகின்றன. மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பக்டீரியாவிலிருந்து பக்டீரியாவுக்குப் போகும் வழிகளில் பேஜும் ஒன்று. தேவையானபோது அன்டிபயோட்டிக் உயிரைக் காக்கும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எப்போது தேவை என்பதைப் பாமசிக் கவுண்டரில் நின்று தீர்மானிக்க முடியாது.

அடுத்தது, பேஜ் மருந்து. இதை உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையத்தில், ஈ. கோலை வயிற்றோட்டம் என்று கருதப்பட்ட 120 பிள்ளைகளைச் சேர்த்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. சிலருக்கு ஆய்வுகூடத்தில் செய்த பேஜ்க் கலவை, சிலருக்கு ரஷ்யாவில் விற்கும் பேஜ்க் கலவை, சிலருக்கு வெறும் தண்ணீர் மாதிரியான ஒன்று. எந்தத் தீங்கும் வரவில்லை. ஆனால் பேஜ் குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட விரைவில் குணமாகவும் இல்லை. பிள்ளைகளின் மலத்தில் ஈ. கோலை எதிர்பார்த்த அளவு இருக்கவில்லை. இரை குறைவான இடத்தில் பேஜ் பெருகாது, வந்த வழியே போய்விடும். பலருக்கு நோயே வேறு கிருமியால் வந்திருந்தது. நான் முதலில் சொன்னேன் அல்லவா, ஒரு பேஜ் ஒரு சில வகைப் பக்டீரியாவில்தான் ஏறும் என்று. உங்கள் மகளின் வயிற்றில் எந்தக் கிருமி இருக்கிறது என்றே தெரியாமல் போத்தலில் வரும் பேஜ் எதைப் பிடிக்கும்?

பேஜ் வைத்தியம் வெற்றி பெற்ற இடங்களில் இந்தப் பொருத்தத்தைத்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள். 2016இல் சான் டியாகோவில் டொம் பற்றர்சன் என்ற பேராசிரியர், எந்த அன்டிபயோட்டிக்கும் கேட்காத அசினிட்டோபக்டர் என்ற பக்டீரியாவின் தொற்றோடு மயக்கத்தில் கிடந்தார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி தொற்றுநோயியல் அறிஞர். பல ஆய்வுகூடங்கள் ஒன்றுசேர்ந்து, அவருடைய உடம்பிலிருந்து எடுத்த அதே கிருமியின் மேல் பேஜ்களைச் சோதித்து, ஏறுகிறவற்றை மட்டும் பொறுக்கி, சுத்திகரித்து ஏற்றினார்கள். அவர் எழும்பி வீட்டுக்குப் போனார். அது ஒன்லைனில் வாங்கக்கூடிய பொருள் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: திரும்ப வந்தால் ஜீவனியைப் பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு ஆறிய கொதிநீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். நாகச்சத்து (சிங்க்) மருந்து பற்றி டொக்டரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் போகாமை, சோர்ந்து கிடத்தல் – இதில் ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போன மாதம் கொடுத்ததை நினைத்து அழாதீர்கள். நானும் அதைச் செய்தவள்தான்.

கேள்வி: தினமும் எருமைத் தயிர் சாப்பிட்டால் குடலில் பேஜ் கூடுமா? கடையில் பேஜ் சேர்த்த புரோபயோட்டிக் குளிசை என்று ஒன்றை இணையத்தில் பார்த்தேன், வாங்கலாமா?
– வியாபாரி, செட்டியார் தெரு

பதில்: தயிரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கித்துள் பாணி மட்டும் அளவோடு. தயிரிலும் பேஜ் இருக்கலாம். ஆனால் அவை தயிர்ப் பக்டீரியாவைத் தாக்குபவை. உறை ஊற்றிய பால் சில நாள் காரணமில்லாமல் உறையாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். பால் தொழிற்சாலைகளில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்படுவது பேஜைத்தான். ஒரு தாங்கிப் பால் முழுவதும் வீணாகிவிடும். அந்த நட்டத்தைத் தவிர்க்கத் தேடியபோதுதான் ஒரு பெரிய விஷயம் கிடைத்தது. யோகட் செய்யும் ஒரு பக்டீரியா, தன்னைத் தாக்கிய பேஜின் மரபணுத் துண்டை வெட்டித் தன்னுள் சேமித்து வைத்து, அடுத்த தடவை அடையாளம் கண்டு தடுக்கிறது என்று டனிஸ்கோ என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். கிறிஸ்பர் என்று சொல்கிறார்களே, மரபணுவை வெட்டித் திருத்தும் முறை, 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது, அதன் வேர்களில் ஒன்று இந்த யோகட் பாத்திரத்தில் இருக்கிறது.

குளிசை வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு வல்லாரையும் முருங்கைக்கீரையும் குரக்கன் மாவும் வாங்குங்கள். குடல் பக்டீரியாவுக்கு நார்ச்சத்துத்தான் சாப்பாடு. அதற்குச் சாப்பாடு போட்டால் அதனதன் பேஜும் கூடவே இருக்கும்.

கேள்வி: 34 வயது. 5 வருடமாகப் பெருங்குடல் அழற்சி நோய். இந்த வைரசுகள்தான் காரணமா? பேஜ் வைத்தியம் எனக்குப் பயன்படுமா?
– வங்கி ஊழியர், கோட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பஸ்ஸில் போகும்போது எந்தத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது என்று கணக்குப் போட்டபடியே போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த பின் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை எழுத என் கை வராது.

தெரிந்தது இவ்வளவு. இந்த அழற்சி நோயாளிகளின் குடலில், வாலுள்ள பேஜ் வகைகள் சுகதேகிகளைவிட அதிகமாக இருக்கின்றன என்று 2015இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பக்டீரியா வகைகள் குறைந்திருந்தன, பேஜ் வகைகள் கூடியிருந்தன. ஆனால் பேஜ் கூடியதால் அழற்சி வந்ததா, அழற்சியால் பக்டீரியா தத்தளித்து அதனுள் உறங்கிய பேஜ்கள் வெளியே வந்தனவா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. புகையைப் பார்த்துவிட்டோம், அடுப்பை இன்னும் பார்க்கவில்லை.

நம்பிக்கை தருவதும் உண்டு. அழற்சியோடு தொடர்புள்ள கிளெப்சியெல்லா பக்டீரியாவை மட்டும் குறிபார்க்கும் 5 பேஜ்களின் கலவையை, இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தார் 2022இல் வெளியிட்டார்கள். எலிகளில் அழற்சி குறைந்தது. சுகதேகிகளான தன்னார்வலர்கள் குடித்துப் பார்த்தபோது தீங்கு வரவில்லை. நோயாளிகளுக்குப் பயன் தருகிறதா என்பது அதற்கடுத்த படி. 2017இல் ஜேர்மனியின் கீல் நகரத்தில் இன்னொன்று செய்தார்கள். டிஃபிசில் என்ற கிருமியால் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வந்த 5 பேருக்கு, சுகதேகிகளின் மலத்தைக் கரைத்து, பக்டீரியா முழுவதையும் வடித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய தெளிந்த நீரைக் கொடுத்தார்கள். 5 பேருக்கும் நின்றது. அந்த நீரில் பேஜ்கள் இருந்தன, வேறு பொருட்களும் இருந்தன. எங்கள் சோஸ் போத்தல் தண்ணீரை வடித்த அதே வேலை, ஒரு நோயாளியின் கட்டில் வரை போய்விட்டது. 5 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, உங்கள் நோயும் அது இல்லை. ஆனால் வழி எந்தப் பக்கம் என்று அது காட்டுகிறது.

அதுவரை கிளினிக்கைத் தவற விடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக மருந்தை நிறுத்தியதாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. இந்தக் கிழமையே போய் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அன்ரி, நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். வெள்ளவத்தைக் கால்வாயில் கலப்பது மனிதக் கழிவா, மிருகக் கழிவா என்று ஆய்வுகூடத்தில் பிரித்துச் சொல்ல முடியுமா? செயற்றிட்டத்துக்காகக் கேட்கிறேன்.
– விஞ்ஞான பீட மாணவி

பதில்: முடியும், அதுவும் பேஜை வைத்தே முடியும். உங்கள் கடிதம் வந்த அன்று மாலை நான் காலி வீதிப் பாலத்தடிக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஈ. கோலையை எண்ணினால் கழிவு கலந்திருக்கிறது என்று தெரியும். அது மனிதனுடையதா, நாயினுடையதா, மாட்டினுடையதா என்று தெரியாது. 2014இல் ரொபர்ட் எட்வேர்ட்ஸ், பாஸ் டியூட்டில் முதலியோர், பிறர் ஏற்கெனவே வெளியிட்டிருந்த மல மாதிரிகளின் மரபணுத் தரவுகளைக் கணினியில் துண்டு துண்டாகப் பொருத்தியபோது, யாரும் பெயர் வைக்காத ஒரு பேஜ் முழுசாக வந்து நின்றது. ஏறத்தாழ 97,000 எழுத்துக்கள் கொண்ட மரபணு. பொருத்திய மென்பொருளின் பெயரால் கிராஸ்பேஜ் என்றார்கள். பார்த்த மனித மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது இருந்தது. இத்தனை காலம் இத்தனை பேருடைய வயிற்றில் இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் அது வாழும் பக்டீரியாவை ஒட்சிசன் இல்லாமல்தான் வளர்க்க வேண்டும். 2018இல்தான் அயர்லாந்தின் கோர்க் நகரத்தில் அந்தக் குடும்பத்தில் ஒன்றை பிளேட்டில் வளர்த்தார்கள். எந்த நோயோடும் அதைத் தொடர்புபடுத்த முடியவில்லை. மிருகங்களின் கழிவில் அரிது, மனிதக் கழிவில் ஏராளம். அதனால் இப்போது பல நாடுகளில் தண்ணீரில் மனிதக் கழிவைக் கண்டுபிடிக்க இதைத்தான் பிசிஆர் முறையில் தேடுகிறார்கள். ஊருக்கு ஊர் இதன் வகைகளும் கொஞ்சம் வேறுபடுகின்றன. நம் கால்வாயில் இருப்பது எந்த வகை என்று அறிய எனக்கும் ஆசைதான்.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கடல் வற்றும் நேரத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் ஏறிக் கலந்துவிடும். மழைக்கு முன் ஒன்று, முதல் மழை பெய்த மறுநாள் ஒன்று, இரண்டையும் தனித்தனியே வையுங்கள். பாலத்தடியில் மட்டும் நின்றுவிடாமல் மேலே உள்ளூர்ப் பக்கமாக நடந்து இரண்டு மூன்று இடத்தில் எடுங்கள், எங்கே கூடுகிறது என்று அதில்தான் தெரியும். கிருமி நீக்கிய போத்தல், ஐஸ் பெட்டி, அன்றே ஆய்வுகூடத்துக்கு. கையுறை கட்டாயம், 1986இல் நாங்கள் போடவில்லை, நீங்கள் போடுங்கள். பிசிஆருக்கு முன், அந்த வடித்த நீரில் கொஞ்சத்தை ஈ. கோலையோடு ஒரு பிளேட்டில் ஊற்றி இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தூக்கிப் பிடித்ததும் எனக்கு எழுதுங்கள், எத்தனை ஓட்டை என்று.